மார்கழியில் கடல் பார்க்க வந்த ஒரு மண்டபக்காரனின் மடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ரிசார்ட் நடத்தும் முதலாளிகளுக்கும், வரவேற்பு மேசையில் நின்று அவர்களுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கும் மேலாளர்களுக்கும், வணக்கம்.

நான் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பத்தொன்பது வருடமாக மேலாளராக இருக்கிறேன். ஊரே ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் கிளம்பும் சித்திரை, வைகாசியில் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஆடியில் மண்டபம் காலியாகக் கிடக்கும், ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். காலாண்டு விடுமுறை வந்தால் மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை. மார்கழியும் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வரும் அந்தப் பத்து நாள்தான் மண்டபக்காரன் வீட்டுக்கு ஊர் பார்க்கும் காலம். உங்களுக்கும் அதுதான் சீசன். அப்படித்தான் டிசம்பர் 24ஆம் தேதி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் முக்கால் மணி நேரம் நின்று, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் உங்களில் ஒருவருடைய வாசலில் வந்து இறங்கினோம். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், எழுபத்து நான்கு வயது அம்மா. அம்மா கடலைப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

விடுதியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கு ஷிப்டில் இருந்த பையன்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைப்பார்கள். எங்கள் மண்டபத்திலும் நடப்பது அதுதான், அதனால் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாடகை ஏற்றியதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. வைகாசி வளர்பிறை முகூர்த்தத்துக்கு ஒரு வாடகை, ஆடியில் கம்பெனி மீட்டிங்குக்கு ஒரு வாடகை என்று ரசீது போடுகிறவனே நான்தான். ஆகஸ்டில் 6,400 ரூபாய் என்று பார்த்து வைத்திருந்த அறை, டிசம்பர் கடைசி வாரத்துக்கு 17,900 ஆகியிருந்தது. அதன் மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல், அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. ஆக, 6,400 ரூபாய் அறை வரியோடு 6,720. அதே அறை 17,900க்குப் போனால் வரியோடு 21,122. கட்டில் ஒன்றுதான், ஜன்னலும் ஒன்றுதான். சரி, சீசன். கொடுத்தோம்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. வாடகை கிட்டத்தட்ட மூன்று மடங்கான அந்த நாளில், உங்கள் விடுதியில் வேறு எது ஏறியது?

முகூர்த்த நாளில் நான் வாடகையை ஏற்றும்போது கூடவே வேறு சிலதும் ஏறும். ஆறு பேர் பெருக்கித் துடைக்கிற இடத்தில் பதினான்கு பேர் வருவார்கள். தண்ணீர் லாரி ஒன்று கூடுதலாக வந்து பின்வாசலில் நிற்கும். ஜெனரேட்டருக்கு முதல் நாளே டீசல் நிரப்பி, ஆபரேட்டர் அதன் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருப்பார். கை கழுவும் இடத்தில் ஒரு குழாய் ஒழுகினாலும் பிளம்பர் ராத்திரியே வந்தாக வேண்டும். கல்யாண வீட்டார் கொடுக்கும் கூடுதல் காசில் பாதி அங்கேதான் கரையும்.

இரண்டு மணிக்கு அறை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றே முக்காலுக்கு உள்ளே நுழைந்தபோது வரவேற்பறையில் சுமார் அறுபது பேர், பெட்டி படுக்கையோடு. சோபாவெல்லாம் நிரம்பி, கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றியிருந்த திட்டில் யார் வீட்டுக் குழந்தைகளோ படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு பெண் சின்னக் கண்ணாடித் தம்ளரில் நன்னாரி சர்பத் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொன்று கேட்ட என் மகனிடம் "ஒருத்தருக்கு ஒண்ணுதான் கண்ணா" என்றாள், அவளுக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எப்போது கேட்டாலும் "ஹவுஸ்கீப்பிங் போயிட்டிருக்கு சார், பதினஞ்சு நிமிஷம்" என்ற பதில்தான். சாவி கைக்கு வந்தபோது மணி ஐந்து நாற்பது. மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. முதல் நாள் கடல் அதோடு போயிற்று.

காத்திருந்த நேரத்தில் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. மொத்தம் 110 அறை என்று மேசையில் இருந்த பெண்ணே சொன்னாள். பதினோரு மணிக்குக் காலி, இரண்டு மணிக்குக் குடியேற்றம், நடுவில் மூன்று மணி நேரம். விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தரை துடைத்து, துண்டு அடுக்க ஓர் அறைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது. மூச்சு விடாமல் செய்தால் ஓர் ஆளுக்கு ஆறு அறை. எல்லா அறையும் ஒரே நாளில் கை மாறினால் பதினெட்டு, பத்தொன்பது பேர் வேண்டும். தாழ்வாரத்தில் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களை எண்ணினேன். எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு அது ஏழு மணி நேர வேலை. பதினொன்றோடு ஏழைக் கூட்டுங்கள், ஆறு மணி வரும். ஐந்து நாற்பதுக்காவது எங்களுக்குச் சாவி கிடைத்தது அந்த எட்டுப் பெண்கள் இருபது நிமிடத்தை எங்கோ மிச்சம் பிடித்ததால்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்திருப்பார்கள்.

இந்தக் கணக்கு காலையிலேயே உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மணி என்று எழுதினீர்கள். ஆறு மணி என்று எழுதியிருந்தால் வழியில் ஐந்து ரதத்தையும் அர்ச்சுனன் தபசையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்திருப்போம், ஒருவர் மேலும் கோபம் இருந்திருக்காது. எழுதும்போதே உங்கள் நாள் இருபத்தொரு மணி நேரம்தான். எங்களுக்குப் பதினேழு மணி இருபது நிமிட நேரம் கிடைத்தது. மதுரையிலும் திருச்சியிலும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற சாதாரண லாட்ஜில், வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் எண்ணிச் சாவி வாங்குகிறார்கள். அங்கே வெல்கம் டிரிங்க் கிடையாது, நாள் மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

அன்று ராத்திரி காலா டின்னர். கட்டாயம். பெரியவர்களுக்கு 2,500, பிள்ளைகளுக்கு 1,500, ஆக எங்களுக்கு 10,500 ரூபாய், வரி தனி. முன்பதிவிலேயே கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் கண்ணாடி போட்டுப் படிக்கவில்லை. அம்மா ஏழரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு எட்டரைக்குப் படுக்கிறவர். விருந்து தொடங்கியதே எட்டரைக்கு. அறைக்கு ஏதாவது அனுப்ப முடியுமா என்று போன் செய்தால், "இன்னிக்கு ரூம் சர்வீஸ் இல்ல சார், எல்லாம் பீச் லான்லதான்" என்றார்கள். நாங்கள் நால்வரும் அங்கே பிரியாணி வரிசையில் நின்றுகொண்டிருக்க, சேலத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு வாழைப்பழத்தையும் மாரி பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டு அம்மா படுத்துக்கொண்டார். "எனக்கு இது போதும் சாமி" என்றார். அந்த வாழைப்பழத்துக்கு 2,500 ரூபாய். டிஜே சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி பன்னிரண்டு மணி வரை அதிர்ந்தது. கேட்டிருந்த எக்ஸ்ட்ரா பெட் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வந்தது. கட்டில் இல்லை, மெத்தை மட்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலுக்கு இறங்கப் போனேன். தோட்டத்தின் கடைசியில் கம்பிக் கதவு, பூட்டு. "ஏழு மணிக்குத்தான் சார் திறப்போம்" என்றார் காவலாளி. கிழக்குக் கடற்கரையில் விடுதி வைத்திருக்கிறீர்கள். உங்கள் இணையதளத்தில் முதல் படமே கடலிலிருந்து எழும் சூரியன். டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பது ஆறரை மணி வாக்கில். ஏழு மணிக்குத் திறந்தால் என்ன தெரியும்? வெயில் தெரியும். அம்மா கம்பிக்குள் விரலை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் "சத்தம் கேக்குதே, அது போதும், வா கண்ணு" என்று திரும்பிவிட்டார். காவலாளியைக் குறை சொல்லவில்லை. ஒரே ஆள், ராத்திரி முழுக்க நின்றவர், கதவைத் திறந்துவிட்டால் கடலையும் அவரே பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு விசில் ஊதும் ஆள் வருவாராம்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் தொண்ணூறு நாற்காலி. அறைக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் 330 பேர். ஏழரையிலிருந்து பத்து வரை இரண்டரை மணி நேரம். நாலு பந்தி. பந்திக்கு முப்பத்தைந்து நிமிடம் என்றாலும் தாராளம். எங்கள் மண்டபத்தில் முந்நூறு இலை விழும் கூடத்தில் ஆயிரத்து இருநூறு பேருக்கு இதே நாலு பந்தியில்தான் முடிக்கிறோம். ஆகவே இடம் பத்தவில்லை என்று சொல்லாதீர்கள். பந்தி விசாரிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஏழரைக்கு எட்டிப் பார்த்தேன், பாதி நாற்காலி காலி. எட்டே முக்காலுக்கு மொத்த விடுதியும் ஒன்றாக வந்து விழுந்தது. கல்யாணத்தில் வாசலில் ஒரு பெரியவர் கையை நீட்டி நின்றுகொண்டு, "அடுத்த பந்திங்க, பத்தே நிமிஷம், அதுவரைக்கும் காபி குடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வெளியூர்க்காரர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் பார்த்துப் பார்த்து முதலில் அனுப்புவார். உங்களிடம் வாசலில் நின்ற பையன் அறை எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டான். உள்ளே போனவர்கள் பேருந்தில் துண்டு போடுவதைப்போல நாற்காலியில் கைப்பையையும் செல்போன் சார்ஜரையும் போட்டு இடம் பிடித்தார்கள். எச்சில் தட்டோடு பன்னிரண்டு மேசை எடுக்கப்படாமல் கிடக்க, தட்டை ஏந்திக்கொண்டு நாற்பது பேர் நின்று சாப்பிட்டார்கள். எடுப்பதற்கு மூன்று பையன்கள்.

வடை எட்டு ஐம்பதுக்கே தீர்ந்துவிட்டது. தீரட்டும், அது குற்றமில்லை. தீர்ந்த பாத்திரத்தை மேசையிலிருந்து எடுத்திருக்க வேண்டாமா? மூடி போட்டு அப்படியே வைத்திருந்தீர்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முகம் சுருங்கி, மூடிவிட்டுப் போனார்கள். நான் எண்ணியவரை பதினேழு பேர். பந்தியில் ஒரு பதார்த்தம் தீர்ந்துபோனால் அந்த வாளி கூடத்துக்குள்ளேயே வரக்கூடாது என்பது சமையற்காரர் முதல் வருடம் கற்றுக்கொள்வது. வெண்பொங்கல் கட்டி தட்டிப்போய், கரண்டி செங்குத்தாக நின்றது. ஒரு கரண்டி வெந்நீரும் கொஞ்சம் நெய்யும் விட்டுக் கிளறினால் உயிர் வந்துவிடும். கிளற ஆள் இல்லை. மார்கழி மாதத்தில், பெருமாள் கோயில் எல்லாம் விடியற்காலையில் சுடச்சுடப் பொங்கல் கொடுக்கும் மாதத்தில், அதை அப்படி விட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தோசைக்கு ஒரே ஒரு கல். வரிசையில் இருபத்து நான்கு பேர். ஆளுக்கு இரண்டு என்றால் நாற்பத்தெட்டு தோசை, நிதானமாக ஊற்றினால் முக்கால் மணி நேரம். பக்கத்திலேயே இன்னொரு அடுப்பு சும்மா இருந்தது, அதன் மேல் அலங்காரத்துக்கு ஒரு பூசணிக்காயைச் செதுக்கி வைத்திருந்தார்கள். நான் எழுந்துவிட்டேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, பேசாம உக்காருங்க. இது நம்ம மண்டபம் இல்ல" என்றாள்.

தட்டு எடுத்துக்கொண்டிருந்த மூன்று பையன்களில் ஒருவன் தமிழ்ப் பையன், அருப்புக்கோட்டைப் பக்கம், கேட்டரிங் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவன். மத்தியானம் மூன்று மணிக்கு நீச்சல் குளத்தின் ஓரம் துண்டு மடித்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லண்ணா. காலைல அஞ்சரைக்கு வந்தேன், பஃபே முடிஞ்சதும் இங்க போட்டுட்டாங்க" என்றான். எத்தனை நாளாக இப்படி என்றேன். "இருபதாம் தேதியிலேர்ந்து. பொங்கல் வரைக்கும் லீவு கிடையாதுண்ணா." சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, பயிற்சி என்ற பெயரில் என்ன கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி என் அறைக்கு மெத்தையைத் தலையில் சுமந்து வந்தவனும் அவன்தான் என்பது அவன் சொல்லித்தான் நினைவுக்கு வந்தது. என் வாடகையில் ஏறிய 11,500 ரூபாயில் ஒரு பைசா இவனிடம் வரவில்லை, இவனுக்குத் துணையாக ஒரு ஆளாகவும் வரவில்லை. நான் கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் இவனைத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

நீச்சல் குளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரை விடத் தலைகள் அதிகம். நைலான் உடை போட்டால்தான் இறங்கலாம் என்று பலகை இருந்தது, அதைப் படிக்காதவர்கள் லுங்கியோடு இறங்கியிருந்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் உங்கள் பக்கமும் பேச வேண்டும். 25ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் குழாய் நின்றுவிட்டது, அதுவரை வந்ததும் உப்புக் கரித்தது. கடலோரத்தில் நினைத்தபடி ஆழ்குழாய் போட முடியாது, லாரியைத்தான் நம்ப வேண்டும், லாரிக்காரர் சீசனில் கடவுள் மாதிரி. எனக்கும் அவர்களோடுதான் பாடு. ஆனால் ஐந்து பேர் தங்கும் அறைக்கு நாளுக்கு இரண்டு குடிநீர் பாட்டில், மூன்றாவது வேண்டுமென்றால் 80 ரூபாய் என்பது கொஞ்சம் மனசைப் புண்படுத்தியது. அச்சிட்ட விலைக்கு மேல் விடுதியில் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது, சட்டம் உங்கள் பக்கம்தான். சேவைக் கட்டணத்தில் மட்டும் இல்லை. கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. காலி செய்யும்போது என் பில்லில் அது இருந்தது. சொன்னேன். மேலாளர் ஒரு வார்த்தை பேசாமல் வேறு பில் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்றவர் கேட்கவில்லை, அவர் பில்லில் அது அப்படியே இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன், செய்தாரா தெரியாது.

இப்போது கடல். 25ஆம் தேதி பகலில் இறங்கினோம். உங்கள் படத்தில் இருக்கும் அகல மணல் வெளி அங்கே இல்லை. வாடைக்காலத்து அலை கரையை அரித்து, கருங்கல் தடுப்புக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு அடி மணல் மிச்சம் வைத்திருந்தது. அந்தப் படம் கோடையில் எடுத்ததாக இருக்கும். மாப்பிள்ளை போட்டோவைப் பத்து வருடம் முன்னால் எடுத்ததாகக் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச மணலில் இருநூறு பேர். விசில் ஊதும் ஆள் வந்திருந்தார். ஒடிசாக்காரர், இருபது வயது இருக்கும். "நீச்சல் தெரியுமா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். சிரித்துக்கொண்டே தெரியாது என்று தலையை ஆட்டினார். அதற்கு மேல் பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் விடவில்லை.

26ஆம் தேதி, கிளம்பும் நாள். அம்மா ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை கம்பிக் கதவுக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாக வெளியே வந்து, மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மண் சந்து, அதன் முனையில் கடல். இரண்டு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டராவது வழி விட வேண்டும் என்று 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சந்து இருபது மீட்டரெல்லாம் இல்லை, உங்கள் ஜெனரேட்டர் அறை பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வழி இருந்தது, பூட்டு இல்லை.

சந்து போய் முடிந்த இடம் மீனவர் குப்பம். ஃபைபர் படகுகள் மேலேற்றி வைத்திருந்தார்கள், ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. ஒரு படகின் ஓரத்தில் வலை பரப்பி உட்கார்ந்திருந்த பெரியவர் அம்மாவைப் பார்த்து, "இங்க குந்து ஆயா, மணல் சில்லுனு இருக்கும்" என்று ஒரு சாக்கை உதறிப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். மேகம் கொஞ்சம் இருந்தது, சூரியன் முழு வட்டமாக வரவில்லை, மேகத்தின் கீழே ஒரு கீற்று சிவந்து, அப்புறம் திடீரென்று கண் கூசியது. அம்மா கைகூப்பிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நான் தண்ணீர்ப் பக்கம் நடந்தேன். பெரியவர் கூப்பிட்டார். "இறங்காத சார். வாடை இன்னும் அடங்கல. மேல பாத்தா சும்மா இருக்கும், அடியில இழுக்கும்." உங்கள் விடுதியில் இரண்டு நாள் இருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. ராத்திரி பூராவும் கடலைப் பார்த்து எரிந்த உங்கள் விளக்குகளைக் காட்டி, "இனி ஆமை ஏற வர்ற காலம். இம்மாம் லைட்டு போட்டா எங்க ஏறும்?" என்றும் கேட்டார். அவர் சொன்னது பங்குனி ஆமையை. ஜனவரியிலிருந்து இந்தக் கரையில் முட்டையிட வரும், குஞ்சுகள் பொரிந்து வெளிவந்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் ஓடும். இருட்டான கரையில் அந்த வெளிச்சம் கடல். உங்கள் கரையில் பீச் லான்.

ஏன் இன்று ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை என்று கேட்டேன். அவர் கையால் காட்டினார். கொஞ்சம் தள்ளி நாலு கம்பு நட்டுத் துணி கட்டி, மர பெஞ்சில் போட்டோக்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கையில் பூக்கூடை, பால் சொம்பு. அப்போதுதான் எனக்குத் தேதி உறைத்தது. 2004 டிசம்பர் 26. இருபத்தொரு வருடம். அதுவும் இதே அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கரையெல்லாம் கூட்டம். விடுதிக்குத் திரும்பும்போது வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள்: இன்று மாலை பீச் பார்ட்டி.

பார்ட்டி வேண்டாம் என்று நான் யார் சொல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் அன்றைக்கு ஒரு நாள் ஸ்பீக்கரின் முகத்தையாவது திருப்பி வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் தோன்றியது. 110 அறையிலும் காலைச் சாப்பாட்டு நேரம், ஸ்பா விலைப்பட்டியல் எல்லாம் இருந்தது. கடல் ஏறினால் எந்தப் படியில் மேலே ஓட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. என் மண்டபத்தில் தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். அதை எழுத வைத்தது தீயணைப்புத் துறை, நானாக இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் கேட்பது சலுகை விலை இல்லை. 17,900 வாங்குங்கள், 20,000 வாங்குங்கள். அந்தப் பத்து நாளுக்குச் சேர்த்து ஆள் பிடியுங்கள். மார்கழியில் தமிழ்நாடு முழுக்க மண்டபங்களில் பரிமாறுகிறவர்களும் பாத்திரம் துலக்குகிறவர்களும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் சீசன் அவர்களுக்குப் பஞ்ச மாதம். எங்கள் பக்கத்திலிருந்தே நாற்பது பேரை வேன் வைத்துக் கூட்டிவர முடியும், பந்தி அவர்களுக்குக் கைவந்த வேலை, வந்த அன்றைக்கே உங்கள் சாப்பாட்டுக் கூடம் சீராகிவிடும். ஆள் கிடைக்கவில்லை என்றால் நாற்பது அறையைப் பூட்டி வையுங்கள். மண்டபம் கொள்ளாத கூட்டத்துக்கு நான் சாவி கொடுக்க மாட்டேன், "எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்" என்று எத்தனை பெரிய மனிதர் சொன்னாலும் சரி. அறை ஆறு மணிக்குத்தான் என்றால் ஆறு என்றே எழுதுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காலா டின்னர் காசை வாங்கினால் ஏழரைக்கு இரண்டு இட்லியை அறைக்கு அனுப்புங்கள். நீந்தத் தெரிந்த இரண்டு பேரைக் கரையில் நிறுத்துங்கள், அந்தக் குப்பத்திலேயே கிடைப்பார்கள். கம்பிக் கதவை ஆறு மணிக்குத் திறங்கள். அந்த அருப்புக்கோட்டைப் பையனை மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட அனுப்புங்கள்.

தை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பிறந்துவிட்டால் எனக்குப் பேனா பிடிக்க நேரமிருக்காது, அதனால்தான் இப்போதே எழுதிவிட்டேன். உங்களுக்கு அப்போது கூட்டம் குறைந்திருக்கும். உங்களில் யாருக்காவது வர முடிந்தால், தையிலோ மாசியிலோ ஒரு முகூர்த்த நாளில் சேலத்துக்கு வாருங்கள். பேருந்து நிலையத்தில் இறங்கி எனக்குப் போன் செய்தால் ஆள் அனுப்புகிறேன். முதல் பந்தியில் உட்கார வேண்டாம், அது எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நாலாம் பந்தியில், வாசற்பக்கத்துக் கடைசி இலையில் உட்காருங்கள். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு மண்டப மேலாளர்